தாத்தாவின் படைத் தாளை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்

மலையகத்தில் தோட்டம் தோட்டமாகப் போய், “உங்கட தாத்தா ரெண்டாவது உலகப் போர்ல இருந்தாரா? லண்டன்ல இருந்து அவரோட பைலை எடுத்துத் தாறேன்” என்று சொல்லிக் காசு வாங்கும் ஒருவர் திரிகிறார். எங்கள் குடும்பத்திடம் கொஞ்சம் கொஞ்சமாக 85,000 ரூபா வாங்கினார். தந்தது முழுவதும் போலி. காசு போனதுகூடப் பரவாயில்லை, தாத்தாவைப் படையில் இருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளின் மூலத்தையும் கொண்டுபோய்விட்டார். இன்றுவரை அது எங்கள் கைக்கு வரவில்லை. ஹட்டன், பொகவந்தலாவை, பண்டாரவளைப் பக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

அந்தத் தாள் எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று முதலில் சொல்ல வேண்டும். தாத்தா தோட்டத்து லொறியில் உதவியாளாக இருந்து ஓட்டப் பழகியவர். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டானே, அந்த வருஷம்தான் படையில் சேர்ந்தார். எகிப்தில் லொறி ஓட்டினார், சண்டை முடிந்து 1946 இல் திரும்பி வந்தார் என்று அப்பாயி சொல்லுவார். வந்து இரண்டு வருஷத்தில், தோட்டத்துத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. ராஜாவின் படையில் இருந்துவிட்டு வந்த மனிதர் நாடற்றவர் ஆனார். 1949 சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டார், தள்ளிவிட்டார்கள். 1964 இல், நாடற்றவர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு அவருடைய தம்பிமார் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். இவர் போகவில்லை, இங்கேயே கண்ணை மூடினார். அவர் பெயரையும் இலக்கத்தையும் போட்டு ஓர் அரசாங்கம் கொடுத்த ஒரே தாள் அந்த டிஸ்சார்ஜ் தாள்தான். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) கூரை ஒழுகிய காலத்திலும் அப்பா அதைத் தகரப் பெட்டியில் பொலித்தீன் சுற்றி வைத்திருந்தார்.

அந்த மனிதர் நான் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்திருக்கிறார். நல்ல உடுப்பு, கையில் டெப் (டேப்லட்), பேச்சில் மரியாதை. சித்தப்பாவை “ஐயா, ஐயா” என்றே கூப்பிட்டாராம். “மூலப் பிரதி இல்லாம லண்டன்ல பைலைத் திறக்க மாட்டாங்க ஐயா” என்று சொல்லித் தாளையும், முற்பணமாக 40,000 ரூபாவையும் வாங்கிப் போயிருக்கிறார். மிச்சப் பணத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். அதில் ஒன்றை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்பதற்கு அது அப்படியே உண்மை போல இருக்கும்.

“ஜெர்மன்காரன் குண்டு போட்டதுல லண்டன் ஆவணக் காப்பகம் எரிஞ்சு போச்சு. உங்க தாத்தாட பைல் எரிஞ்ச பைல்களுக்குள்ள இருக்கு. அதைப் பார்க்குறதுக்கு விசேஷ அனுமதி வேணும்.” இதற்கென்று 25,000 ரூபா. லண்டனில் படை ஆவணங்கள் எரிந்தது உண்மைதான். ஆனால் அது நடந்தது 1940 செப்டெம்பரில். எரிந்தவை முதலாம் உலகப் போரில் இருந்த சிப்பாய்களின் ஏடுகள், அவற்றில் பாதிக்கு மேல் அழிந்தன. 1942 இல் படையில் சேர்ந்த ஒருவரின் பைல் 1940 இல் எப்படி எரியும்? இந்தக் கதையை யாராவது உங்களிடம் சொன்னால், அந்த இடத்திலேயே வருஷத்தைக் கேளுங்கள்.

கடைசியில் ஒரு பைல் வந்தது. தடித்த அட்டை, கிரீடச் சின்னம், லமினேட் செய்த சான்றிதழ். சித்தப்பா அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவள். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது.

தாத்தா ‘சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்’ படையில் இருந்தாராம். அது வெள்ளைக்காரத் துரைமாரின் தொண்டர் படை. தேயிலை, றப்பர் தோட்டத் துரைமார்தான் அதில் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளியின் மகன் எவரையும் அந்தப் படையில் சேர்த்ததில்லை. பிரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்தில், தாத்தாவை நிற்க வைத்து வேலை கொடுத்த துரைமாரின் படையிலேயே அவரையும் சேர்த்து, காசுக்கு எங்களிடம் விற்றிருக்கிறார்கள். பிளாண்டர்ஸ் என்ற பெயரைப் பார்த்தால் தோட்டத்து ஆட்கள் சந்தோஷப்படுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். எனக்கு இதைவிட அவமானமாக வேறு எதுவும் இல்லை.

சான்றிதழை வழங்கியது ‘இலங்கை இராணுவம், 1943’ என்று இருந்தது. இலங்கை இராணுவம் அமைக்கப்பட்டதே 1949 ஒக்டோபரில்தான். போர்க்காலத்தில் இருந்தது சிலோன் பாதுகாப்புப் படை. இன்னொரு பக்கத்தில், 1943 மார்ச் மாதத்தில் பேராதனைப் பூங்காவில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகத்துக்குத் தாத்தா காவல் நின்றதாக எழுதியிருந்தது. மவுண்ட்பேட்டன் தலைமை தாங்கிய தென்கிழக்காசியக் கட்டளையகம் கண்டிக்கு வந்தது 1944 இல். 1943 மார்ச்சில் அப்படியொரு கட்டளையகமே உருவாகியிருக்கவில்லை.

பதக்கமும் ஒன்று, தனியாகக் காசு வாங்கிக்கொண்டு. ‘ஆப்பிரிக்கா ஸ்டார்’, பின்புறம் தாத்தாவின் பெயர் பொறித்திருந்தது. பிரித்தானிய அரசாங்கம் தன் படையினருக்கு இரண்டாம் உலகப் போருக்காகக் கொடுத்த ஸ்டார் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தது. சில நாடுகள் தங்கள் ஆட்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தன, பிறகு சொந்தச் செலவில் பொறித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் ‘லண்டனில் பெயர் பொறித்து வைத்திருந்த பதக்கம்’ என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

போர் நாட்குறிப்பு என்று சில பக்கங்களும் இருந்தன, ஒவ்வொன்றிலும் தாத்தாவின் பெயர். உண்மையான நாட்குறிப்பு ஒவ்வொரு படைப்பிரிவும் நாளாந்தம் எழுதிவைத்தது. எங்கே முகாம் போட்டார்கள், எத்தனை பேர் வந்தார்கள் போனார்கள் என்றுதான் அதில் இருக்கும். அதிகாரிகளின் பெயர் வரும், சாதாரண சிப்பாயின் பெயர் வருவது மிக அரிது.

சரி, உண்மையாகத் தேட விரும்புகிறவர்கள் என்ன செய்யலாம்? முதலில் எந்தப் படை என்று தெரிய வேண்டும். வீட்டில் இருக்கும் தாளில் படைப்பிரிவின் சுருக்கப் பெயரும் சேவை இலக்கமும் இருக்கும். அந்த இலக்கம்தான் சாவி. பிரித்தானியப் படையின் பிரிவுகளில் இருந்தவர்களின் பைல்களுக்கு உறவினர்கள் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம், இடையில் தரகர் தேவையில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பைல்களை அங்குள்ள பாதுகாப்பு அமைச்சு 2022 இல் இருந்து லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறது. அந்தக் காப்பகத்தின் பட்டியலை இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். மூலத் தாளை அனுப்பச் சொல்லி அவர்கள் கேட்பதில்லை. பெயர், பிறந்த திகதி, இலக்கம், இறந்ததற்கான அத்தாட்சியின் கொப்பி, இவ்வளவுதான். இந்தியப் படையில் சேர்ந்திருந்தால் வழி வேறு, அங்கே சிப்பாய்களின் ஏடுகளை இந்தியாவில் உள்ள ரெஜிமென்ட் ஆவண அலுவலகங்களில்தான் கேட்க வேண்டும்.

பெயரை ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடாதீர்கள். ராமசாமி என்ற பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி நாலு விதமாக எழுதியிருப்பார். தகப்பன் பெயர் முன்னுக்கும் வரும், பின்னுக்கும் வரும்.

வீரப் பதக்கம் கிடைத்தது என்று யாராவது சொன்னால் பிரித்தானிய அரசாங்கம் பதக்க அறிவிப்புகளை வெளியிடும் லண்டன் வர்த்தமானியின் பழைய இதழ்களில் பாருங்கள், அவை இணையத்தில் இலவசம். போரில் இறந்தவர் என்றால் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் தளத்தில் பெயரைப் போட்டால் போதும், எந்த மயானம், எந்த வரிசை என்றுகூட வரும். கண்டியில் உள்ள போர் மயானமும் அவர்களின் பராமரிப்பில்தான் இருக்கிறது. இந்தத் தேடலுக்கும் அந்த மனிதர் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வயதான அம்மாவிடம் 15,000 ரூபா வாங்கியிருக்கிறார். நான் போட்டுப் பார்த்தேன், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இன்னொன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார்: பேரப்பிள்ளைகளுக்கு லண்டனில் பென்ஷன் நிலுவை கிடக்கிறதாம், பதிவுக் கட்டணம் கட்டினால் வருமாம். பழைய படையினருக்கு உதவும் பொதுநலவாய அமைப்பு உண்மையில் இருக்கிறது. அது உதவுவது கஷ்டத்தில் வாழும் முன்னாள் படையினருக்கும் அவர்களின் விதவைகளுக்கும்தான். பேரப்பிள்ளைக்கு நிலுவைப் பணம் என்று எதுவும் அங்கே இல்லை.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. தந்த ரசீதில் இருந்த முகவரியில் அப்படி ஓர் அலுவலகமே கிடையாது. ஏமாந்தவர்கள் கொடுத்த காசு சிறிய தொகை என்று விட்டுவிடாமல் உங்கள் பகுதி பொலிஸில் போய் முறைப்பாடு எழுதுங்கள். ரசீது, வட்ஸ்அப் குரல் பதிவு, வங்கியில் கட்டிய துண்டு எல்லாவற்றையும் வைத்திருங்கள். ஒரே ஆள் பல இடத்தில் செய்திருக்கிறார் என்று தெரிந்தால்தான் வழக்கு நகரும்.

எனக்குள்ள பயம், தாள் விற்பனைக்குப் போயிருக்குமோ என்பது. பழைய பதக்கத்தோடு உரியவரின் தாளும் சேர்ந்தால் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். எங்கள் தாள் மங்கிய மண்ணிறம், நாலாக மடித்த தடம் இருக்கும், வலது மேல் மூலை செல்லரித்திருக்கும். பின்பக்கம் ஊதா மையில் தமிழில் ஒரு கையெழுத்தும், அதற்குக் கீழே பென்சிலால் கூட்டிய ஒரு அரிசிக் கணக்கும் இருக்கும். கண்டியில் பழைய பொருள் கடையிலோ இணைய ஏலத்திலோ அப்படி ஒன்றைக் கண்டால் போட்டோ எடுத்து உடனே எனக்கு அனுப்புங்கள்.