காயினா, பேட்ச்சா, டி-ஷர்ட்டா: நாய்ப் பயிற்சி நிறுவனத்துக்கு எது?

அமெரிக்காவில் போலீசுக்கும் ராணுவத்துக்கும் நாய் பழக்கிக் கொடுக்கும் தனியார் நிறுவனங்கள், தங்கள் சின்னம் போட்ட பொருட்களையும் விற்கின்றன. அதில் சேலஞ்ச் காயின், பேட்ச், டி-ஷர்ட் மூன்றும்தான் முக்கியம். மூன்றிலும் லோகோ ஒன்றுதான். ஆனால் ஒன்று செய்கிற வேலையை இன்னொன்று செய்யாது.

முதலில் காயின். செலவழிக்கும் காசு இல்லை, சின்னம் பொறித்த உலோக வில்லை. அமெரிக்க ராணுவத்தில் அதிகாரி ஒருவர் கைகுலுக்கும்போது உள்ளங்கைக்குள் வைத்துக் கொடுப்பது இது. மதுக்கடையில் ஒருவர் தன் காயினை மேசையில் தட்டினால், கூட இருப்பவர்களும் எடுத்துக் காட்ட வேண்டும். கையில் இல்லாதவர் குடிக்க வாங்கிக் கொடுக்க வேண்டும். சும்மா வந்த பொருள் இல்லை என்பதால்தான் அதற்கு அந்த மரியாதை. பெரும்பாலும் 38 முதல் 50 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். வண்ணம் நிரப்பும் எனாமல் பூச்சில் இரண்டு வகை. மென் எனாமலில் வண்ணம் உலோகக் கோட்டுக்குக் கீழே பள்ளமாக நிற்கும், விரலுக்கு மேடு தெரியும். வன் எனாமலில் தேய்த்துச் சமமாக்கிவிடுவார்கள். பளபளப்பாக இருக்கும், சீக்கிரம் கீறல் விழாது. நாய் முகத்துக்கு இரண்டுமே எனக்குப் பிடிப்பதில்லை. ரோமத்தின் போக்கு வண்ணத்தில் தட்டையாகிவிடும். வண்ணமே இல்லாமல், பழைய பித்தளை நிறத்தில் புடைப்பாக அடித்தால் காதும் மூக்கும் உயிரோடு நிற்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விலை குறைந்த காயின்கள் பல துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அதை நாய் விழுங்கினால் வயிற்று அமிலத்தில் துத்தநாகம் கரைந்து ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். 1982-க்குப் பிறகு வந்த அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் 97.5 சதவீதம் துத்தநாகம். அதை விழுங்கிய நாய்களுக்கும் இதே ஆபத்துதான் என்பது அங்குள்ள கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். நாய்கள் நிறைந்த இடத்தில் காயினைப் பூட்டி வைப்பதே சரி.

அடுத்து பேட்ச், அதாவது துணியிலோ வாரிலோ ஒட்டும் சின்னத் துண்டு. இதற்கும் நாய்க்கும் உறவு பழையது. 1941-ல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், நடந்து வந்த தன் நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த முள்காய்களை நுண்ணோக்கியில் பார்த்தார். அந்தக் கொக்கிகளிலிருந்து பிறந்ததுதான் வெல்க்ரோ என்ற ஒட்டும் பட்டை. இன்று அதே ஒட்டுதான் நாயின் ஹார்னஸில் (உடலில் மாட்டும் வார்) பேட்ச்சைப் பிடித்து வைத்திருக்கிறது.

பேட்ச்சில் நூல் வேலை, பிவிசி என இரண்டு வகை. நூல் பேட்ச் சட்டையில் அழகு. ஆனால் சேறு, எச்சில், மழை எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். பிவிசி ரப்பர் போல இருக்கும், குழாயடியில் காட்டினால் சுத்தம். சின்ன எழுத்தும் தெளிவாக விழும். எனவே ஹார்னஸுக்கு பிவிசி, ஹேண்ட்லரின், அதாவது நாயைக் கையாள்பவரின், தொப்பிக்கு நூல். ஓரம் முழுக்கத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்க வெல்க்ரோவைப் பசையால் மட்டும் ஒட்டியிருந்தால் வெயிலில் கழன்றுவிடும். "நாயைத் தொடாதீர்கள்" என்று எழுதிய பேட்ச் வெறும் அலங்காரமும் இல்லை, அது தினமும் வேலை செய்கிறது.

டி-ஷர்ட் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விளம்பரத்துக்கு நல்லது. ஆனால் ஒவ்வொரு அளவிலும் அடித்து வைக்க வேண்டும், விற்காத அளவு அலமாரியில் தூங்கும்.

எதை அடித்தாலும் அமெரிக்கத் தரைப்படை, கடற்படைச் சின்னங்களை உரிமம் வாங்காமல் போடக் கூடாது. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும், அந்தச் சீருடையில் உழைத்தவர்களுக்கு அது அவமரியாதை.

ஒன்றுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால் பேட்ச். அதைத் தாராளமாக விற்கலாம். காயினைக் கடையில் வைக்கவே வேண்டாம் என்பேன். பயிற்சியை முடித்த ஹேண்ட்லருக்குக் கையில் கொடுங்கள். ஓய்வு பெறும் நாய்க்கும் ஒன்று வேண்டும். 2000-ல் வந்த ராபி சட்டம்தான் அமெரிக்க ராணுவ நாய்களை ஓய்வுக்குப் பின் தத்தெடுக்க வழி செய்தது; அதற்கு முன் பல நாய்கள் வீடு திரும்பவில்லை. இன்று பல ஹேண்ட்லர்கள் தங்கள் நாயைத் தாங்களே வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அந்தக் காயினின் ஒரு பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டு அடிக்கச் சொல்லுங்கள், நாயின் பெயரும் அது உழைத்த ஆண்டுகளும் பொறிக்க.