அதே காசுக்கு மூணு போன்: புது பட்ஜெட்டா, பழைய ஃப்ளாக்ஷிப்பா, போன வருஷத்து மிட்ரேஞ்சா?

கையில ஒரு தொகை இருக்கு, அதுக்கு மேல ஒரு ரூபா கூட போட முடியாது, போன் வாங்கியே ஆகணும். இந்த நிலைமைல எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த மாடல்ங்க நல்லாருக்கு"ன்னு தான். நான் என்ன சொல்லுவேன்னா மாடலுக்கு அப்புறம் வாங்க, முதல்ல வழிய முடிவு பண்ணுங்க. ஏன்னா கொஞ்சம் முன்ன பின்ன அதே தொகைக்கு மூணு விதமான போன் கிடைக்கும். இப்பதான் ரிலீஸ் ஆன புது பட்ஜெட் போன் ஒண்ணு. ரெண்டு மூணு வருஷம் முன்னாடி டாப்ல இருந்த ஃப்ளாக்ஷிப், செகண்ட் ஹேண்ட்லயோ ரீஃபர்பிஷ்டாவோ (சரிபாத்து திரும்ப விக்கிறது), அது ரெண்டு. போன வருஷம் வந்து, அடுத்த மாடல் வந்ததும் விலை இறங்கி, சீல் பிரிக்காம கிடைக்குற மிட்ரேஞ்ச் மூணு.

எங்க வீட்லயே இந்த மூணும் இருக்கு. அப்பாகிட்ட முதல் வகை, தங்கச்சிகிட்ட ரெண்டாவது, என்கிட்ட மூணாவது. அதனால யூட்யூப் பாத்து சொல்றதில்ல, டெய்லி பாத்து சொல்றது.

அப்பா போன்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். பாக்ஸ்ல போட்டிருந்தத பாத்தா ஆள் அசந்துடுவோம், 8 ப்ளஸ் 8 ஜிபி ராம், 50 மெகாபிக்சல், 5000 எம்ஏஎச் பேட்டரி, 90 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீன், அதாவது வினாடிக்கு 90 தடவ படம் மாறும். முதல் மூணு மாசம் ஒரு குறையும் இல்ல. அப்புறம் தான் வேடிக்கை ஆரம்பிச்சுது. போன் அடிக்கும், சட்டை பாக்கெட்ல இருந்து எடுப்பாரு, பச்சைய இழுப்பாரு, ஸ்க்ரீன் அப்படியே நிக்கும், ரிங் மட்டும் போய்க்கிட்டே இருக்கும், சரி விரல் படலையோன்னு இன்னொரு தடவ இழுப்பாரு, அதுக்குள்ள முதல் இழுப்பு வேலை செஞ்சு கால் எடுத்துடும், ரெண்டாவது இழுப்பு வேற எங்கயோ பட்டு கட் ஆயிடும். அந்தப் பக்கம் இருக்கிறவங்க "ஏன் கட் பண்றீங்க"ன்னு கோவிச்சுப்பாங்க.

இதுக்கு ராம் கம்மின்னு தான் நானும் நெனச்சேன். பெரிய குற்றவாளி ஸ்டோரேஜ். பட்ஜெட் போன்ல நெறைய இடத்துல இஎம்எம்சின்னு ஒரு வகை ஸ்டோரேஜ் போடுறாங்க, அது ஒத்தையடிப் பாதை மாதிரி, ஒரு நேரத்துல ஒண்ணு படிக்கும் இல்லன்னா எழுதும், ரெண்டும் சேந்து நடக்காது. யூஎஃப்எஸ் வகைல ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வண்டி போகும். வேகமும் அப்படித்தான், இஎம்எம்சி 5.1ல வினாடிக்கு சுமார் 300 எம்பி படிக்கும்னா யூஎஃப்எஸ் 2.2 சுமார் 1000, யூஎஃப்எஸ் 3.1 சுமார் 2000, 4.0ல 4000 வரைக்கும் போகும். வாட்ஸ்அப் பேக்கப் எழுதிக்கிட்டு இருக்கு, பின்னாடி நாலு ஆப் அப்டேட் ஆகுது, அந்த நேரத்துல கால் வந்தா அந்த கால் ஸ்க்ரீன் வரிசைல நின்னு தான் வரணும்.

அந்த 8 ப்ளஸ் 8 இருக்கே, அதுல ரெண்டாவது 8 ராமே கிடையாது. ஸ்டோரேஜ்ல இருந்து ஒரு துண்டு வெட்டி ராம் மாதிரி யூஸ் பண்றது. ஸ்டோரேஜ் ஏற்கனவே மெதுவா இருக்குற போன்ல அது மேலயே இன்னொரு சுமைய ஏத்தினா என்ன ஆகும்? அதான் ஆச்சு. அதனால ப்ளஸ் குறிக்கு முன்னாடி என்ன நம்பர் இருக்கோ அத மட்டும் பாருங்க, 6 இருந்தா பரவால்ல, 8 இருந்தா நிம்மதி, 4 இருந்தா வெச்சிட்டு வந்துடுங்க. ஸ்டோரேஜ் 128க்கு கீழ வேண்டாம். ஸ்பெக் ஷீட்ல ஸ்டோரேஜ் வகைய போடாம 128 ஜிபின்னு மட்டும் எழுதியிருந்தா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும், நல்லதா இருந்தா அவங்களே கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க.

ப்ராசஸர் கதையும் கிட்டத்தட்ட இதே தான். போன் புதுசு, மூளை பழசு. ஹீலியோ ஜி85 2020ல வந்த சிப், அதுக்குள்ள இருக்குற பெரிய கோர், அதாவது கனமான வேலைய செய்யுற பகுதி, கார்டெக்ஸ் ஏ75, அது 2017 டிசைன். 2024ல வந்த டைமென்சிட்டி 6300ல கூட 2018ல வந்த ஏ76 தான். கால், வாட்ஸ்அப், பேங்க் ஆப், வீடியோ பாக்குறது, இதுக்கெல்லாம் இது போதும், பொய் சொல்லக்கூடாது. ஆனா "புதுசு வாங்கினா ஸ்பீடா இருக்கும்"னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அது மட்டும் தப்பு. 2022 கடைசில வந்த ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2 போட்ட பழைய போன், இன்னைக்கு வர்ற பட்ஜெட் சிப்ப எல்லாம் தூக்கி சாப்பிட்டுடும்.

இங்க தான் தங்கச்சி வர்றா. அவளுக்கு கேமரா தான் எல்லாம், அதனால ரெண்டாவது வழி. 50, 108, 200ன்னு மெகாபிக்சல் போடுறாங்களே, அது நார்மலா எடுக்குற போட்டோல வராது. 50ல நாலு பிக்சல ஒண்ணா சேத்து 12.5 ஆக்கும், 108ல ஒன்பத சேத்து 12, 200ல பதினாற சேத்து 12.5. சுத்தி சுத்தி எல்லாம் 12லயே வந்து நிக்குது. வித்தியாசம் வெளிச்சத்த வாங்குற சென்சார் சைஸ்ல தான். பட்ஜெட் போன்ல ஒரு 50 மெகாபிக்சல் சென்சார் 1/2.76 இஞ்ச் இருக்கும், நல்ல போன்ல அதே 50, ஆனா 1/1.56 இஞ்ச், பரப்பளவு கணக்கு போட்டா மூணு மடங்கு. அது கூட ஓஐஎஸ் வேற, அதாவது கை ஆடினா அதுக்கு எதிரா லென்ஸ் நகர்ந்து படத்த ஆடாம புடிச்சுக்கும். ஒரு நாள் ராத்திரி மாடிப்படி லைட்டுக்கு கீழ ஒரு நாய் தூங்கிட்டு இருந்துச்சு, மூணு போன்லயும் எடுத்துப் பாத்தோம், அவ போன்ல மீசை முடி எண்ணலாம், என்னோடதுல நாய் நல்லா தெரிஞ்சுது, அப்பா போன்ல அது நாயா கால்மிதியான்னு ஒரு விவாதமே நடந்துச்சு. ஆங், பட்ஜெட் போன் பின்னாடி 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த்னு ரெண்டு கண்ணு எக்ஸ்ட்ரா இருக்கும், அது கேமரா எண்ணிக்கைய ஏத்திக் காட்ட, வேற ஒண்ணுக்கும் ஆகாது.

அப்ப எல்லாரும் பழைய ஃப்ளாக்ஷிப்பே வாங்கிடலாமேன்னா, அவ சாயங்காலம் ஆறு மணிக்கு சார்ஜர தேடுறத பாக்கணும். கேலக்ஸி எஸ்22ல 3700 எம்ஏஎச் தான், எஸ்23ல 3900. அதுவும் புதுசா இருக்கும்போது. ஐபோன் 14 வரைக்கும் 500 முழு சார்ஜ் சைக்கிளுக்கு அப்புறம் பேட்டரி புதுசா இருந்ததுல 80 சதவீதம் தாங்குற மாதிரி தான் டிசைன்னு ஆப்பிளே சொல்லுது, ஐபோன் 15ல இருந்து தான் அது 1000 ஆச்சு. டெய்லி ஃபுல் சார்ஜ் போட்ட போனுக்கு 500ங்கிறது ஒன்னரை வருஷம் கூட வராது. 3700ல 80 சதவீதம்னா 3000 கூட இல்ல, பக்கத்துலயே அப்பாவோட 5000 ரெண்டு நாள் வருது, அவருக்கு அதுல ஒரு பெருமை வேற. பேட்டரி மாத்திக்கலாம் தான், ஆனா அந்தச் செலவ வாங்கும்போதே விலைல சேத்துக்கணும், பிரிச்சு மூடின போன்ல தண்ணி, தூசி உள்ள போகாம தடுக்குற பழைய ஐபி 68 சீல் அப்படியே இருக்கும்னும் நம்பக்கூடாது, தண்ணிப் பக்கம் கொண்டு போகாதீங்க.

பழைய ஃப்ளாக்ஷிப்லயும் எந்த வருஷம்னு பாக்கணும். 2021 போன்கள்ல இருந்த ஸ்னாப்டிராகன் 888, அதுக்கு அடுத்த 8 ஜென் 1, ரெண்டும் நல்லா சூடாகுற சிப். 8 ப்ளஸ் ஜென் 1ல இருந்து தயாரிப்பு டிஎஸ்எம்சிங்கிற தைவான் கம்பெனிக்கு மாறுச்சு, சூடும் கொறஞ்சுது பேட்டரியும் கூட நேரம் வந்துச்சு. இந்தியால வந்த எஸ்22ல 8 ஜென் 1, எஸ்23ல 8 ஜென் 2. அதனால எஸ்22க்கும் எஸ்23க்கும் நடுவுல ஒரு வருஷம் தான் வித்தியாசம்னு நெனைக்காதீங்க, செகண்ட் ஹேண்ட்ல கொஞ்சம் கூட குடுத்தாவது எஸ்23 பக்கம் போறது தான் புத்திசாலித்தனம்.

வாங்கும்போது செக் பண்றத பத்தி சொல்லியே ஆகணும். தங்கச்சி முதல்ல பாத்த போன் வெளில கீறல் கூட இல்ல, பளபளன்னு இருந்துச்சு. அவ ஒரு முழு வெள்ளைப் படத்த ஃபுல் ப்ரைட்னஸ்ல ஓப்பன் பண்ணா, அடில மூணு பட்டன் இருந்த இடம் லேசா நிழல் மாதிரி தெரிஞ்சுது, மேல மணி காட்டுற இடத்துலயும் அதே. அமோலெட்ங்கிற வகை ஸ்க்ரீன்ல ஒரே படம் ரொம்ப நாள் நின்னா இப்படி படிஞ்சுடும், போகவே போகாது. வேண்டாம்னு குடுத்துட்டா. ரெண்டாவது போன் ஓரத்துல கீறல் இருந்துச்சு, டிஸ்ப்ளே சுத்தம், அத தான் எடுத்தா. ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சா ஐஎம்இஐ, அதாவது அந்த போனுக்குன்னு இருக்குற அடையாள நம்பர், வரும், அத பாக்ஸோட ஒத்துப் பாருங்க. விக்கிறவர உங்க முன்னாடியே அக்கவுண்ட்ல இருந்து சைன் அவுட் பண்ணி ரீசெட் போடச் சொல்லுங்க, மறுபடி ஆன் ஆகும்போது பழைய அக்கவுண்ட் பாஸ்வேர்ட் கேட்டுச்சுன்னா எந்த விலை சொன்னாலும் வேண்டாம். ஐபோன்ல செட்டிங்ஸ்ல அபவுட் பக்கத்துல எந்த பார்ட் மாத்தியிருக்குன்னு காட்டும், ஐஓஎஸ் 15.2ல இருந்து இது இருக்கு. அப்புறம் உங்க சிம்ம போட்டு ஒரு கால் பேசிப் பாருங்க, இத நெறைய பேர் மறந்துடறாங்க.

அப்டேட் விஷயம் தான் மூணு வழிக்கும் நடுவுல நிஜமான தராசு. அப்டேட் கணக்கு நீங்க வாங்கின நாள்ல இருந்து இல்ல, போன் ரிலீஸ் ஆன நாள்ல இருந்து ஓடும். பிக்சல் 8 2023 அக்டோபர்ல வந்துச்சு, ஏழு வருஷம்னு சொன்னாங்க, அப்ப 2030 வரைக்கும். கேலக்ஸி எஸ்24 2024 ஜனவரி, அதுக்கும் ஏழு. ஆனா ஒரே வருஷம் முன்னாடி வந்த எஸ்23க்கு நாலு ஆண்ட்ராய்டு வெர்ஷன், அஞ்சு வருஷ செக்யூரிட்டி அவ்ளோ தான், 2028 ஆரம்பத்தோட முடியுற கணக்கு. ஐபோன்ல 2018ல வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் ஐஓஎஸ் 18 வரைக்கும் வந்து நின்னுடுச்சு, ஐஓஎஸ் 26 அதுக்கு இல்ல, 2019ல வந்த 11க்கு இருக்கு. பட்ஜெட்ல பொதுவா ஒண்ணு ரெண்டு வெர்ஷனோட கைய விரிச்சுடுவாங்க. கேலக்ஸி ஏ16க்கு ஆறு வருஷம்னு வந்தப்ப எனக்கே ஆச்சரியம், நல்ல விஷயம் தான், ஆனா அதையே 4 ஜிபி ராம் வெர்ஷன்ல வாங்கினா ஆறாவது வருஷ ஆண்ட்ராய்ட அந்த போன் எப்படி சுமக்கும்னு யோசிச்சுக்கோங்க.

என் மிட்ரேஞ்ச பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, அது தான் அதோட சிறப்பே. அமோலெட், 120 ஹெர்ட்ஸ், யூஎஃப்எஸ் ஸ்டோரேஜ், மெயின் கேமராக்கு ஓஐஎஸ், 5000 எம்ஏஎச், இவ்ளோ தான். ஃப்ரேம் பிளாஸ்டிக், ஜூம் லென்ஸ் கிடையாது, அல்ட்ராவைட், அதாவது அகலமா எடுக்குற கேமரா, ராத்திரில சுத்தமா வேலைக்கு ஆகாது, வயர்லெஸ் சார்ஜிங் இல்ல, தண்ணிக்கு தெறிச்சா தாங்கும் முக்கினா தாங்காது. போன வருஷத்துதுங்கிறதால அப்டேட்ல ஒரு வருஷம் வாங்கும்போதே போயிடுச்சு, அதுக்கும் சேத்து தான் விலை இறங்கியிருக்கு. ஒன்னரை வருஷத்துல இந்த போன பத்தி நான் யார்கிட்டயும் புலம்பினதில்ல.

அதனால யாரு கேட்டாலும் முதல்ல மூணாவது வழிய தான் சொல்லுவேன். கேமரா தான் முக்கியம், செக் பண்ணி வாங்க பொறுமை இருக்கு, பேட்டரி மாத்த காசு தனியா வெச்சிருக்கேன்னா ரெண்டாவது. முதல் வழி ரெண்டு விதமான ஆளுக்கு சரி. கால், வாட்ஸ்அப், வீடியோ தாண்டாதவங்க ஒண்ணு, மெமரி கார்டும் ஹெட்போன் ஜாக்கும் கட்டாயம் வேணும்கிறவங்க ரெண்டு, ஏன்னா இந்த ரெண்டும் இன்னைக்கு பெரும்பாலும் பட்ஜெட் போன்ல தான் மிஞ்சியிருக்கு, கேலக்ஸி எஸ்21லயே மெமரி கார்ட தூக்கிட்டாங்க. அப்பா அவரோட பாட்டெல்லாம் கார்ட்ல வெச்சு வயர் ஹெட்போன்ல கேக்குறவரு, அந்த வகைல தங்கச்சி போன அவருக்கு சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டாரு.

அவர் போன மாத்தலாம்னு தான் இருந்தோம், அதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல அந்த எக்ஸ்ட்ரா 8 ஜிபி ராம ஆஃப் பண்ணேன், வாட்ஸ்அப் ஃபார்வர்ட் வீடியோ எல்லாம் அழிச்சு ஸ்டோரேஜ்ல கால்வாசி காலி பண்ணேன், பேக்கப்ப ராத்திரி நேரத்துக்கு மாத்தினேன். இப்ப முதல் இழுப்புலயே கால் எடுத்துடுது. ஆனா அவருக்கு பழக்கம் விடல, இன்னும் ரெண்டு தடவ இழுக்குறாரு.