விளக்கு வெளிச்சத்தில் செடி, ரசாயனம் இல்லாமல் பூச்சிக் கட்டுப்பாடு: சில வருடம் பயன்படுத்திப் பார்த்ததில்

வீட்டுக்குள் கூடாரம் போட்டு, எல்இடி விளக்கு வைத்து மிளகாய், பேசில், புதினா, லெட்டூஸ், நடுநடுவே குட்டை ரகத் தக்காளி என்று சில வருடங்களாக வளர்த்து வருகிறேன். ரசாயனப் பூச்சிமருந்து ஒரு சொட்டுகூட உள்ளே வரக்கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தாகிவிட்டது. அந்தக் காற்றைத்தான் நாமும் சுவாசிக்கிறோம், அந்த இலையைத்தான் பறித்த கையோடு வாயில் போடுகிறோம். இயற்கை முறை என்று சொல்லி விற்கப்படுவதில் பெரும்பாலானவற்றை இதற்குள் பயன்படுத்திவிட்டேன். எது நின்றது, எது தேறவில்லை என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மொட்டைமாடித் தோட்டத்துக்கோ வயலுக்கோ சொல்லும் யோசனைகளை அப்படியே அறைக்குள் கொண்டுவந்தால் பாதி பலிக்காது. வெளியே மழை இலையைக் கழுவிவிடும், காற்று அடிக்கும், பொறிவண்டும் குட்டிக் குளவிகளும் கேட்காமலேயே வந்து, தளிரில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை அழித்துவிட்டுப் போகும். உள்ளே அது எதுவும் கிடையாது, ஆனால் பூச்சிக்குத் தேவையான கதகதப்பும் இளந்தளிரும் வருடம் முழுக்க உண்டு. இலையில் சாறு உறிஞ்சும் சின்னஞ்சிறு சிலந்திப்பேனை எடுத்துக்கொள்ளுங்கள், 30 டிகிரியை ஒட்டிய வெப்பமும் வறண்ட காற்றும் இருந்தால் முட்டை ஒரு வாரத்துக்குள் முட்டையிடும் பேனாக வளர்ந்துவிடும். இணை சேராத பெண் பேனும் முட்டையிடும், அதிலிருந்து ஆண்கள் வரும், அப்புறம் அவற்றோடே இணை சேர்ந்து பெருகும். அதாவது ஒரே ஒரு பெண் பேன் உள்ளே நுழைந்தால் போதும். அதனால் எந்தப் பாட்டிலை வாங்கலாம் என்பதைவிட, எது உள்ளே வருகிறது, அதை எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் முடிவு.

எல்லோருக்கும் முதலில் வருவது பூஞ்சை ஈதான். மண்ணுக்கு மேலே தள்ளாடிப் பறக்கும் சின்னக் கறுப்பு ஈ. பறப்பது தொந்தரவு மட்டும்தான், சேதம் செய்வது மண்ணுக்குள் இருக்கும் புழு. நாற்றுகளின் வேர் நுனியைக் கடித்துவிடும், கடித்த இடத்தில் அழுகல் நோய் நுழையும். இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு துண்டு உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி மண்மேல் வைத்துவிட்டு ஓரிரு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். உடம்பு கண்ணாடி மாதிரி, தலை மட்டும் பளபளவென்று கறுப்பாக, மெல்லிய புழுக்கள் கிழங்கின் அடியில் நெளியும். எந்தத் தொட்டியில் அதிகம், எதில் இல்லை என்று இந்த ஒரு துண்டுக் கிழங்கே சொல்லிவிடும்.

இதற்கு மருந்து பாதி, தண்ணீர் பாதி. மேல்மண் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காய்ந்தபிறகுதான் அடுத்த தண்ணீர் என்று கறாராக இருந்தாலே எண்ணிக்கை விழுந்துவிடும், ஏனென்றால் முட்டையிடுவது ஈரமான மேல்மண்ணில்தான். தொட்டியை ஒரு தட்டில் வைத்துக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்ச விடுவது இன்னும் நல்லது. மீதிப் பாதிக்கு பிடிஐ என்கிற பாக்டீரியா. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கொசுப்புழு இருந்த குட்டையில் கண்டுபிடித்தது, கொசு ஒழிப்புக்கு உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். பூஞ்சை ஈயின் புழுவும் கொசுவுக்குச் சொந்தம்தான் என்பதால் அதுவும் இதைத் தின்று குடல் கெட்டுச் சாகும். ஆனால் பறக்கும் ஈயை இது ஒன்றும் செய்யாது, மண்ணில் சில நாள்தான் வீரியம் நிற்கும். ஒருமுறை ஊற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்கள் அதிகம். ஈயின் ஒரு சுற்று மூன்று நான்கு வாரம், அந்த மூன்று நான்கு வாரமும் விடாமல் வாரம் ஒருமுறை பாசனத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். கொடுத்தால் நிச்சயம் கேட்கும். நான் பயன்படுத்தியதில் முழு மதிப்பெண் தருவது இதற்குத்தான்.

மஞ்சள் ஒட்டுப்பொறி பற்றி ஒரு வார்த்தை. அது பூச்சியை ஒழிக்கும் சாதனம் இல்லை, கணக்குச் சொல்லும் சாதனம். வாரா வாரம் புது அட்டை மாட்டி, போன வாரத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று பார்ப்பதற்குத்தான் அது.

வேப்பெண்ணெய்க்கு வருவோம். இதைப் பற்றி நல்லதும் கெட்டதும் நிறையச் சொல்கிறார்கள், இரண்டிலும் உண்மை இருக்கிறது. செக்கில் பிழிந்த எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கூடவே எண்ணெய் தண்ணீரில் கலக்க ஒன்றிரண்டு மில்லி திரவ சோப்பு, இதுதான் நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு. சோப்பை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துவிட்டு அப்புறம் எண்ணெயை ஊற்றிக் குலுக்க வேண்டும், பால்போல வெளுத்து வந்தால் சரி, மேலே எண்ணெய் மிதந்தால் அடிக்காதீர்கள், மிதக்கும் எண்ணெய் பட்ட இடம் கருகும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். இதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாமல் செய்யும், தோலுரிப்பைக் குலைக்கும், ஆனால் அடித்த மறுநாளே செத்து விழும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இளம் பூச்சிகள் வளராமல் நின்றுபோய் மெதுவாகத்தான் குறையும், அதற்கு ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும்.

அறைக்குள் இதற்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. விளக்கு எரியும்போது அடிக்கக் கூடாது. விளக்கு அணையும் நேரம் பார்த்து, இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடித்துவிட்டு மின்விசிறியை ஓடவிட வேண்டும், விடிவதற்குள் இலை காய்ந்திருக்க வேண்டும். வாடை இரண்டு நாளாவது அறையில் நிற்கும். பேசில், புதினா மாதிரி இலையையே சாப்பிடும் செடிகளில் இதை நான் நிறுத்தியேவிட்டேன், எத்தனை கழுவினாலும் கசப்பு தெரிகிறது. மிளகாயில் பூ வரும்வரை சரி, அப்புறம் வேண்டாம்.

பேசிலுக்கும் புதினாவுக்கும் அசுவினி வந்தால் முதல் மருந்து தண்ணீர்தான். தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துப்போய், மண் கொட்டாமல் பிளாஸ்டிக் உறையால் வாயைக் கட்டிவிட்டு, தலைகீழாகச் சாய்த்து ஷவரில் இலையடியைக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்துக்குப் பொட்டாசியம் சோப்புக் கரைசல். ஈரமாக இருக்கும்வரைதான் அது கொல்லும், காய்ந்தபிறகு எதுவும் செய்யாது, அதனால் பூச்சிமேல் நேரடியாகப் பட வேண்டும். உப்புத்தண்ணீரில் கலந்தால் சோப்பு திரிந்துவிடும், உப்பு நீக்கிய தண்ணீர் எடுங்கள். பாத்திரம் கழுவும் டிடர்ஜென்ட் வேண்டவே வேண்டாம், இலையின் மெழுகுப் பூச்சையே எடுத்துவிடும்.

சிலந்திப்பேன்தான் நிஜமான எதிரி. பூச்சிகூட இல்லை, எட்டுக்கால், அரை மில்லிமீட்டர் இருக்கும். இலைமேல் ஊசி குத்தின மாதிரி வெளிறிய புள்ளிகள் தெரிந்ததும் இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பாருங்கள். நடு நரம்பை ஒட்டி, வெளிர்மஞ்சள் உடம்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கறுப்புத் திட்டோடு மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும், பக்கத்தில் உருண்டை உருண்டையாக ஒளி ஊடுருவும் முட்டைகள், அங்கங்கே உரித்துப்போட்ட வெள்ளைத் தோல். வலை கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் ஏற்கெனவே தாமதம். நல்ல கைலென்ஸ் ஒன்று வாங்குவதற்கு முன்னால் வேறு எந்த மருந்தும் வாங்காதீர்கள் என்றுதான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

இதற்கு எனக்குப் பலன் தந்தது இரை விழுங்கிப் பேன்கள். ஃபைட்டோசெயுலஸ் பெர்சிமிலிஸ் என்ற இனம் ஆரஞ்சு நிறத்தில் பேரிக்காய் வடிவில் இருக்கும், சிலந்திப்பேனைவிட மிக வேகமாக ஓடும். உமி அல்லது வெர்மிகுலைட்டோடு குப்பியில் வரும், இலைமேல் தூவிவிட வேண்டியதுதான். சிலந்திப்பேனைத் தவிர வேறெதையும் தின்னாது என்பதால் இரை தீர்ந்ததும் தானும் செத்துப்போகும், முன்கூட்டியே வாங்கி விட்டுவைப்பதில் பயனில்லை. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அதன் முட்டைகள் பொரியாமல் காய்ந்துவிடும். வறண்ட, சூடான கூடாரமாக இருந்தால் நியோசெயுலஸ் கலிஃபோர்னிகஸ் பொறுமையாக வேலை செய்யும், மகரந்தம் தின்றும் உயிர்வாழும். இலைப்பேனுக்கு (த்ரிப்ஸ் என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி) ஸ்விர்ஸ்கி வகை இரை விழுங்கிப் பேன், மிளகாய்ப் பூவின் மகரந்தத்தைத் தின்றுகொண்டு செடியிலேயே தங்கிவிடும், மிளகாய்க்கு இதைவிடப் பொருத்தமான காவல் நான் பார்க்கவில்லை. தக்காளியில் மட்டும் எதிர்பார்த்த அளவு எடுபடவில்லை, அதன் பிசுபிசுப்பான மயிர்களில் இந்தப் பேன்களே மாட்டிக்கொள்கின்றன. அப்புறம், வேப்பெண்ணெயோ சோப்போ அடித்த கையோடு இவற்றை விட்டால் நல்லதும் சேர்ந்து சாகும், இலையைக் கழுவிக் காயவிட்டு ஒரு வாரம் கழித்து விடுங்கள்.

இது ஏதோ பொழுதுபோக்குக்காரர்களின் சோதனை என்று நினைக்க வேண்டாம். கனடாவில் 2018 அக்டோபரில் கஞ்சா சட்டபூர்வமானது, அங்கே உரிமம் வாங்கி உள்ளரங்கில் வளர்க்கும் நிறுவனங்கள் அந்தப் பயிருக்கென்று பதிவான மருந்துகளை மட்டுமே தொடலாம், எச்சம் இருக்கிறதா என்று பரிசோதனையும் உண்டு. புகையாக உள்ளே இழுக்கும் பூவைக் கழுவிச் சுத்தம் செய்ய வழியில்லை. மைக்ளோபியூட்டானில் என்ற பூசணக்கொல்லி சூடேறினால் ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். அதனால் அவர்களும் பெருமளவு இதே இரை விழுங்கிப் பேன்களையும், மண்ணிலுள்ள பூச்சிப் புழுக்களைக் கொல்லும் நூற்புழுக்களையும்தான் நம்புகிறார்கள்.

இனி வாங்க மாட்டேன் என்பவை: பொறிவண்டு, திறந்துவிட்டதும் செடியை விட்டுவிட்டு விளக்கையும் ஜன்னலையும் தேடிப் போய்விடுகிறது (அசுவினிக்குக் கிரைசோபெர்லா என்கிற கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு மேல், அதற்கு இறக்கை இல்லை, ஓடாது). டயட்டம் மண் (நுண்பாசி ஓடுகளாலான தூள்), நனைந்தால் வேலை செய்யாது, காய்ந்தால் அதன் தூசி நம் நுரையீரலுக்குள் போகும், மூடிய அறைக்கு எனக்கு ஒப்பவில்லை. பூண்டு மிளகாய்க் கரைசல், வெளியே எப்படியோ, உள்ளே அடித்தால் பூச்சிக்கு முன்னால் நமக்கு இருமல் வந்துவிடும். பூச்சியைத் தாக்கிக் கொல்லும் பிவேரியா பூஞ்சை நல்ல பொருள்தான், ஆனால் அது முளைக்கத் தேவையான ஈரப்பதத்தை வைத்தால் சாம்பல் நோயும் கூடவே வருகிறது.

உள்ளே வருவதைத் தடுப்பது பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. புதுச் செடி, யாராவது கொடுத்த தண்டு, எதுவானாலும் வேறு அறையில் இரண்டு மூன்று வாரம் தனியாக இருக்கட்டும், தினமும் இலையடியைப் பாருங்கள். திறந்த மண் மூட்டையைக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள், பூஞ்சை ஈ அதிலிருந்தும் வரும். வெளித்தோட்டத்தில் வேலை செய்த சட்டையோடு கூடாரத்துக்குள் போகாதீர்கள். ஒரு சுற்று முடிந்து அடுத்தது நடுவதற்கு முன் கூடாரத்தின் தையல், கம்பி முனை, கயிறு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள், வெளிச்ச நேரம் குறைந்து குளிரும்போது சிலந்திப்பேன் செம்மஞ்சளாக நிறம் மாறி அந்த மாதிரி இடுக்குகளில் போய் மாதக்கணக்கில் சாப்பிடாமல் உறங்கும்.

வலை கட்டிவிட்ட செடியைக் காப்பாற்றப் போராட வேண்டாம். அசைக்காமல், இருந்த இடத்திலேயே பெரிய பிளாஸ்டிக் பையை மேலிருந்து கவிழ்த்து, அடியில் கட்டிவிட்டு, அதற்கப்புறம் அறையை விட்டு வெளியே எடுத்துப் போங்கள்.