கோத்தகிரியில் கட்டை வீடு: ஒன்பது வருட அனுபவம்

கோத்தகிரியில் உருட்டுக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "கரையான் வராதா?" இதுவரை வரவில்லை. அடிக்கட்டை ஒன்றரை அடி உயரக் கல்கட்டின் மேல் இருக்கிறது. கரையான் மண்கோடு ஏற்றினால் கண்ணில் பட்டுவிடும். கட்டைகளுக்கு போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலும் அடித்திருந்தோம்.

அடுத்த பயம் வெடிப்பு. முதல் பனிக்காலத்தில் நடு ராத்திரி "படார்" என்று சத்தம். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். காலையில் வந்த ஆசாரி, "கட்டை காயுது சார், அவ்வளவுதான்" என்று சிரித்தார். வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், அதனால்தான் பிளக்கிறது. பலம் போய்விடாது. ஆனால் மேல்நோக்கி வாய் திறந்த வெடிப்பில் மழைநீர் தேங்கும். அதை மட்டும் விடக்கூடாது, ரப்பர் போல இழுபடும் சீலன்ட்டால் அடைக்க வேண்டும். நான் முதலில் சிமென்ட் வைத்தேன்; கட்டை அசைந்ததும் பொருக்காக உதிர்ந்தது.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் எண்ணெய் விஷயத்தில். லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) தடவினால் மரம் வைரம் போல நிற்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, நாலு சுவருக்கும் பூசினேன். ஐப்பசி மழை முடிவதற்குள் கிழக்குச் சுவர் முழுக்கக் கரும்பூசணம். ஈரமான ஊரில் அந்த எண்ணெயே பூசணத்துக்குத் தீனி என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு மாதம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். வார்னிஷும் வேண்டாம். அந்தப் படலம் ஒரு இடத்தில் வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. இப்போது நிறமி கலந்த, ஈரத்தை வெளியே விடும் மர ஸ்டெயின்தான் அடிக்கிறேன்: கிழக்குச் சுவருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மற்றவற்றுக்கு நாலு.

ஏன் கிழக்கு என்றால், மேற்குச் சுவர்தான் அடி வாங்கும் என்று ஊட்டி நண்பர் சொன்னது அவர் ஊருக்குச் சரி. அங்கே தென்மேற்குப் பருவமழை. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து அடிக்கும் வடகிழக்குப் பருவமழைதான்.

குளிரா? கட்டை தாங்கும். காற்று இடுக்கு வழியாகத்தான் வரும். கட்டைகள் காய்ந்து சுவர் இறங்கியதில் கதவு இரண்டு முறை இறுகிக்கொண்டது. நிலைக்கு மேல் இடைவெளி போதுமான அளவு விடவில்லை.

சரி, இந்த ஐப்பசிக்கு முன் கிழக்கு இறவாரத்தை இன்னும் இரண்டடி நீட்டத் தகரம் சொல்லிவைத்திருக்கிறேன். கட்டும்போதே ஆசாரி கேட்டார். நான்தான் செலவு என்று வேண்டாம் என்றேன்.