குயினா, தலைமைச் செயலகமா? கோத்தகிரியில் கரண்ட் போனால் எது தாங்கும்?

இரண்டு வெப் தொடரையும் பார்த்தாயிற்று. குயினை அம்மாவோடு முழுசாக, தலைமைச் செயலகத்தை முக்கால்வாசி அம்மாவோடு, மீதி தனியாக. நான் எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

நடிப்பில் பெரிதாக அலச ஒன்றுமில்லை. அங்கே ரம்யா கிருஷ்ணன், இங்கே கிஷோரும் ஸ்ரேயா ரெட்டியும், யாரும் குறை வைக்கவில்லை. 2019 டிசம்பரில் எம்எக்ஸ் பிளேயரில் வந்தபோது குயின் இலவசம், நடுவில் விளம்பரம் வரும். 2024 மே மாதம் வந்த தலைமைச் செயலகத்துக்கு ஜீ5 சந்தா வேண்டும். சரி, அதை விடுங்கள்.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது வேறு: விட்ட இடத்தில் மறுபடி பிடிக்க முடிகிறதா என்பதுதான். நவம்பர் மழையில் எங்கேயாவது ஒரு மரம் சாய்ந்தால் கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். மதியமே போனில் இறக்கி வைத்துக்கொண்டு ராத்திரி வர்க்கியும் டீயுமாக உட்கார்ந்தால் ஒரு எபிசோட், சார்ஜ் இருந்தால் ஒன்றரை. மீதி நாலு நாள் கழித்துத்தான்.

குயின் இதைத் தாங்குகிறது. மொத்தம் 11 எபிசோட். லிலெட் துபே பேட்டி எடுக்க, சக்தி சேஷாத்ரி (ரம்யா கிருஷ்ணன்) பள்ளிக்கூடம், சினிமா, ஜிஎம்ஆர் (எம்ஜிஆரை நினைவுபடுத்தும் பாத்திரம்), கட்சி என்று தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டு போகிறார். வாரம் கழித்து வந்தாலும் பேட்டியில் ஒரு கேள்வி விழுந்ததும் கதை எங்கே நின்றது என்று பிடிபட்டுவிடும். தவிர, பேர் என்ன வைத்தாலும் அது யார் என்று கோத்தகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போதெல்லாம் கொடநாடு எஸ்டேட்டுக்கு ஜெயலலிதா வரும் நாளில் வளைவுக்கு ஒரு போலீஸ் நிற்பார், பஸ் ஓரம் கட்டி நிற்கும். பஸ்ஸுக்குள் கறிகாய்ப் பையோடு உட்கார்ந்திருந்த கதையை அம்மா (எங்கள் வீட்டு அம்மாவைச் சொல்கிறேன்) தொடரை நிறுத்தச் சொல்லி இரண்டு தடவை சொன்னார். பள்ளிக்கூடப் பெண்ணாக அனிகா வரும் இடங்களில் மட்டும் பேச்சே இல்லை.

தலைமைச் செயலகம் எட்டு எபிசோட்தான், ஆனால் கிளைக்கதைகள் ரொம்ப நிறைய. முதலமைச்சர் அருணாசலத்தின் (கிஷோர்) பழைய ஊழல் வழக்கில் தீர்ப்பு வரப்போகிறது, அடுத்து நாற்காலியில் மகளா, கூடவே இருக்கும் கொற்றவையா (ஸ்ரேயா ரெட்டி) என்று இழுபறி, இதற்கு நடுவில் ஜார்க்கண்டில் ஒரு பழைய கொலை வழக்கு. நாலு நாள் இடைவெளி விட்டால் போச்சு. "இது யாருப்பா, போன தடவை செத்தவனா?" என்று அம்மா கேட்டபோது எனக்கும் பதில் தெரியவில்லை, பின்னாடி ஓட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஒரே ராத்திரியில் எட்டையும் பார்க்க வசதி இருப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். நான் அப்படிப் பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். கடைசி இரண்டை மட்டும் ஒரே மூச்சில் பார்த்தேன், அது நன்றாகவே இருந்தது. நாற்காலிச் சண்டைதான் வேண்டும் என்பவர்களும் அதற்கே போகலாம், ஏனென்றால் குயினில் அரசியல் வந்து சேரவே ரொம்ப நேரம் ஆகிறது, இங்கிலீஷும் கொஞ்சம் ஜாஸ்தி.

அம்மா ஆறாவது எபிசோடோடு நிற்கிறார். நாற்காலி யாருக்கு என்று நானே சொல்லிவிடவா என்றால் வேண்டாம் என்கிறார், ஏழாவதைப் போடவா என்றால் அதற்கும் வேண்டாம் என்கிறார்.