வேதாகம மேற்படிப்பு: தருமபுரிக்காரர்களுக்குப் பெங்களூரா, மதுரையா?

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்தில் இறையியலில் முதுகலை படிக்க ஆசைப்படுபவருக்கு முதலில் தோன்றும் ஊர் பெங்களூர்தான். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து 40. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் ராத்திரி வீட்டுச் சாப்பாடு. மதுரை என்றால் தருமபுரியிலிருந்தே சேலம், கரூர், திண்டுக்கல் தாண்டி ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போக வேண்டும். ஆகவே பெரும்பாலோர் யோசிக்காமல் பெங்களூருக்கு விண்ணப்பம் போட்டுவிடுகிறார்கள். தூரத்தை வைத்து இதைத் தீர்மானிப்பது சரியில்லை என்பது என் கட்சி. படித்து முடித்த பிறகு யார் முன்னால் நின்று, எந்த மொழியில் பேசப் போகிறோம் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டிய விஷயம்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. படிக்கப் போவது வேதாகமமா, ஆன்மிகமா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வகுப்பறைக்குள் போனால் இரண்டும் வேறு வேறு உலகம்.

மாற்கு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகள் இரண்டிலும் அந்த நற்செய்தி 16:8-இல் முடிந்துவிடுகிறது. கல்லறைக்குப் போன பெண்கள் நடுநடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். நம் கையில் இருக்கும் பைபிளிலோ அதற்கு அப்புறம் 12 வசனங்கள் உண்டு. பாம்புகளைக் கையில் எடுப்பார்கள், வியாதியஸ்தர் மேல் கை வைப்பார்கள் என்று சுகமளிக்கும் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோமே, அந்த வசனங்கள் அங்கேதான் வருகின்றன. புதிய ஏற்பாட்டு மாணவன் இங்கே என்ன செய்வான்? கிரேக்க மூலத்தை வைத்துக்கொண்டு, இந்த 12 வசனங்களின் சொற்களும் நடையும் மாற்குவின் மற்ற பகுதிகளோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பான். எந்தப் படிகளில் இவை இருக்கின்றன, எவற்றில் இல்லை என்று பட்டியல் போடுவான். கி.பி. 180 வாக்கிலேயே ஆதித் திருச்சபைத் தந்தை இரனேயு இந்தப் பகுதியிலிருந்து ஒரு வசனத்தை எடுத்தாண்டிருக்கிறார். எனவே பிற்காலச் சேர்க்கை என்று சொல்லிவிட்டு நகரவும் முடியாது. ஒரு வாரம் இதிலேயே ஓடிவிடும்.

ஆன்மிக வகுப்பில் அதே எட்டாம் வசனத்தை வைத்து உட்கார்ந்தால் படிகளைப் பற்றிய பேச்சே வராமல் போகலாம். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் பயிற்சி முறையில், விடியற்காலை, கல்லறை, அந்தப் பெண்களின் பயம் என்று காட்சியை மனத்தில் விரித்து அதற்குள் போய் நிற்கச் சொல்வார்கள். முழுப் பயிற்சி சுமார் 30 நாள் மௌனத்தில் நடக்கும். நான்கு பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள், கடைசிப் பகுதி உயிர்ப்பு. இதோடு அவிலா தெரேசா, சிலுவை யோவான் போன்ற தியான ஞானிகளின் எழுத்தையும், ஆன்ம வழிகாட்டலையும் உளவியலையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிரசங்கம், போதனை, மொழிபெயர்ப்பு என்று போகிறவருக்கு வேதாகமம். தியான இல்லம், குருமடத்துப் பயிற்சி, ஆலோசனைப் பணி என்று போகிறவருக்கு ஆன்மிகம். இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். ஒரே ஆள் இரண்டையும் இணைக்க முடியாதா என்றால், பாளையங்கோட்டையில் பிறந்து பின்னாளில் கோவைப் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமி இணைத்துக் காட்டினார். யோவான் நற்செய்தியை இந்திய பக்தி மரபோடு வைத்துப் படித்தது அவர் வாழ்நாள் வேலை. இரண்டு வருடப் படிப்பில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, இப்போது கல்லூரிகளுக்கு வருவோம். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைக்காரர்களுக்கு எம்.டிஹெச்., அதாவது இறையியல் முதுகலைப் பட்டம், என்றால் பெரும்பாலும் வங்காளத்து செராம்பூர்தான். மிஷனரி வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் 1818-இல் தொடங்கிய கல்லூரி அது. 1827-இல் டென்மார்க் அரசரின் சாசனம் பெற்று, 1918-இல் வங்காளச் சட்டம் ஒன்றின் மூலம் பட்டம் வழங்கும் அதிகாரம் உறுதியானது. பெங்களூர் பென்சன் டவுனில் 1910-இல் தொடங்கிய யுனைடெட் தியலாஜிக்கல் காலேஜ், சென்னை கீழ்ப்பாக்கத்து குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, மதுரை அரசரடியில் 1969-இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி எல்லாம் அந்த செராம்பூர் செனட்டோடு இணைந்தவை. சுவரில் மாட்டப் போகும் பட்டம் ஒன்றுதான். படிக்கும் சூழல்தான் வேறு.

பெங்களூரில் நூலகமும் ஆவணக் காப்பகமும் பெரிது. பக்கத்து இருக்கையில் மிசோரம்காரரும் மலையாளியும் உட்கார்ந்திருப்பார்கள். முழுக்க ஆங்கிலம். மேலே முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு போக நினைப்பவர் கண்ணை மூடிக்கொண்டு இங்கே சேரலாம். மதுரையின் பலம் அதன் தமிழ். தமிழ்வழி இறையியல் கல்வியை உறுதியாகப் பிடித்துக்கொண்ட இடம் அது. நாட்டார் இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்த தியாப்பிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று எல்லோரும் அன்பாக அழைத்தவர், பாடம் நடத்தியதும் அங்கேதான். குறையும் உண்டு. விளக்கவுரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலத்திலிருந்து அங்கேயும் தப்பிக்க முடியாது.

பாலக்கோட்டுச் சபையில் ஈஸ்டர் ஞாயிறன்று எழுந்து, மாற்குவின் கடைசி 12 வசனங்கள் பழைய படிகளில் இல்லை என்று ஒரு போதகர் சொல்ல வேண்டி வந்தால் என்ன ஆகும்? முன்வரிசைப் பெரியவர் அன்று மதியமே கமிட்டியைக் கூட்டிவிடுவார். அதை யாரும் முகம் சுளிக்காதபடி, விசுவாசம் குலையாதபடி, ஊர்த் தமிழில் சொல்வதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்து அதைத் தமிழாக்கிக்கொண்டே பிரசங்கம் செய்பவர்கள் திணறுவதைப் பல சபைகளில் பார்த்தாயிற்று. அதனால் சபைக்குத் திரும்பப் போகிறவருக்கு என் ஓட்டு மதுரைக்கே, 300 கிலோமீட்டரானாலும். ஒரு எச்சரிக்கை: எல்லாக் கல்லூரியிலும் எல்லாத் துறையிலும் எம்.டிஹெச். கிடையாது. நீங்கள் சேரும் வருடம் பழைய ஏற்பாடு இருக்கிறதா, புதிய ஏற்பாடு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

கத்தோலிக்கர் கதை வேறு. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டத்தில்தான் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் இரண்டும் வருகின்றன. அருள்பணியாளர் தானே கல்லூரி தேடுவதில்லை, ஆயர் அனுப்புவார். விவிலிய இறையியலில் லைசென்ஷியேட் (கத்தோலிக்க முதுகலைப் பட்டம்) என்றால் மல்லேஸ்வரத்துப் புனித பேதுரு நிறுவனம். ஆன்மிகம் என்றால் ஓசூர் சாலையிலேயே இருக்கும் தர்மாராம் கல்லூரி. இவர்களைப் பொறுத்தவரை பெங்களூர் சரியான பதில், அதில் எனக்கு மறுப்பில்லை. இறையியல் முடித்த அருள்சகோதரிகளும் பொதுநிலையினரும் இந்த வாசலைத் தட்டலாம். ஆனால் எலத்தகிரியிலோ கோவிலூரிலோ மறைக்கல்வி எடுக்கும் ஆசிரியைக்கு லைசென்ஷியேட் தேவையில்லை. திண்டிவனத்து விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையத்தை அவர் முதலில் அணுகலாம்.

வேலையை விட முடியாத பொதுநிலையினருக்கு இன்னும் சில வழிகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறித்தவ ஆய்வுத் துறை இருக்கிறது. மைசூர் பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒரு துறை, அமலோர்பவதாஸ் அடிகளார் தலைமை தாங்கியது அது. பல்கலைக்கழக எம்.ஏ. என்பதால், சமயங்களின் ஒப்பீட்டு ஆய்வு என்ற பாடத்தில் நெட் தேர்வு எழுதி விரிவுரையாளர் வேலைக்கு முயல நினைப்பவருக்கு இது பொருத்தம். எம்.டிஹெச்.சில் சேர முதலில் பி.டி. என்ற இறையியல் இளங்கலை வேண்டும், அதற்கே நாலைந்து வருடம் ஆகிவிடும். எபிரேயமும் கிரேக்கமும் அந்த ஆழத்துக்கு எம்.ஏ.வில் வராது, அது தெரிந்தே சேருங்கள். செராம்பூரின் வெளிமாணவர் படிப்பான பி.சி.எஸ். (கிறித்தவ ஆய்வில் இளங்கலை) பட்டதாரிகளுக்கு நல்ல தொடக்கம். பெங்களூரில் 1971-இல் தொடங்கிய டாஃப்டி என்ற தொலைநிலை இறையியல் அமைப்பின் பாடங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

சுயாதீன சபைக்காரர்கள் பெங்களூர் கொத்தனூரில் இருக்கும் சயாக்ஸ் இறையியல் கல்லூரிப் பக்கம் போகிறார்கள். படிப்பு தரமானது. ஆசிய இறையியல் சங்கத்தின் அங்கீகாரம் சபைகளுக்கும் கல்லூரிகளுக்கும் போதும். அரசு வேலைக்கு அதைக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நெடுஞ்சாலை ஓரம் பேனர் கட்டி ஆறு மாதத்தில் டாக்டர் பட்டம் தருகிறேன் என்பவர்களைப் பற்றி எழுத மை வீண்.

எங்கே சேர்ந்தாலும் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டியதில்லை. மிசௌரி லுத்தரன் மிஷன் இந்தியாவில் 1895-இல் காலூன்றியது கிருஷ்ணகிரியில்தான். புராட்டஸ்டன்ட் ஆசிரமங்களுக்கு முன்னோடியான கிறிஸ்துகுல ஆசிரமம் 1921-இல் தொடங்கியது பக்கத்துத் திருப்பத்தூரில். ஆன்மிகம் படிப்பவருக்கு அது பஸ்ஸில் போய்வரும் தூரம். நேர்காணலில் இப்படி ஒரு தலைப்போடு போனால் பேராசிரியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, போதகர்கள் பேராயரின் சிபாரிசுக் கடிதமும் சபையின் உதவித்தொகை ஒப்புதலும் கையில் வந்த பிறகே விண்ணப்பத்தை அனுப்புவது நல்லது. கடிதம் கமிட்டியில் மாதக்கணக்கில் தூங்கும். கல்லூரியின் கடைசித் தேதி அதற்காகக் காத்திருக்காது. ஆகவே முந்தின வருடமே கேட்டு வையுங்கள்.