எடுத்தது நான், போட்டது அவர்கள்: போனா, ரிப்போர்ட் ஃபாரமா, வக்கீல் நோட்டீஸா?

கோடை மழை ஒன்று நன்றாக இறங்கினால் அடுத்த ஒன்பது பத்து நாளில் ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிப் பூ பூக்கும், இரண்டு மூன்று நாளில் வாடியும் போகும். அந்த இரண்டு மூன்று நாளைப் பிடிக்கத்தான் ஒரு ஏப்ரலில் சேலத்திலிருந்து விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் ஏறி, விரல் மரத்துப்போன குளிரில் ஒரு படம் எடுத்தேன். ஆறு மாதம் கழித்து அதே படம் ஒரு விடுதியின் ஃபேஸ்புக் பக்கத்தில், “எங்கள் ஜன்னலிலிருந்து ஒரு காட்சி” என்ற வரியோடு. ஓரத்தில் இருந்த என் பெயரை மட்டும் பக்குவமாக வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர் டேங்க்தான் தெரியும் என்பது அங்கே தங்கியவர்களுக்குத் தெரியும்.

அப்போதிலிருந்து இதுவரை ஏறக்குறைய எல்லா வழியையும் முட்டிப் பார்த்தாயிற்று. எது உசத்தி என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உனக்கு என்ன வேண்டும்? படம் அங்கிருந்து போக வேண்டுமா, உன் பெயர் வர வேண்டுமா, காசு வேண்டுமா? ஒரு வழி மூன்றையும் தராது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று பெரும்பாலும் கைநழுவிவிடும்.

அதற்கும் முன்னால், படம் உன்னுடையதுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிரிக்காதீர்கள், கல்யாண போட்டோகிராபர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறோம். 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி படம் எடுத்தவர்தான் ஆசிரியர், அது சரி. ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆம் பிரிவு. ஒரு மண்டபக்காரர் என் முகூர்த்தப் படத்தைத் தன் இணையதளத்தில் போட்டபோது நான் குதித்தேன், மாப்பிள்ளை வீட்டார் நிதானமாக “நாங்கதாங்க கொடுத்தோம்” என்றார்கள். என் பெயரைப் போடச் சொல்லிக் கேட்க 57-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, காசு கேட்க வழியில்லை. இப்போது அட்வான்ஸ் வாங்கும் பேப்பரிலேயே ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

சரி, காப்பிப் பூவுக்கு வருவோம். அதை நானாகப் போய் எடுத்தேன், அதனால் முழுக்க என்னுடையது. கோபத்தில் நேராக ஃபேஸ்புக்கின் காப்புரிமைப் புகார் ஃபாரத்தைத் திறந்தேன். காசு கிடையாது, பெயர், மெயில், திருட்டுப் படத்தின் லிங்க், ஒரிஜினல் இருக்கும் இடம், சொல்வதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழி, அவ்வளவுதான். 1998-இல் அமெரிக்கா போட்ட டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்தை ஒட்டி வந்த முறை இது, இன்ஸ்டாகிராம், யூடியூப், கூகுள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். இரண்டு நாளில் படம் காணாமல் போனது. ஜெயித்துவிட்டேன் என்று ஸ்டேட்டஸ்கூட வைத்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, பில்லு போட்டியா?” என்றார். இல்லை. மறுநாள் விடுதிக்குப் போன் போட்டுக் காசு கேட்டால், “எந்தப் படம்ங்க? எங்க பக்கத்துல அப்படி ஒண்ணும் இல்லையே” என்கிறார்கள். இல்லைதான், நானே எடுக்க வைத்துவிட்டேனே. என்னிடம் இருந்தது தேதியோ லிங்கோ தெரியாத ஒரு அரைகுறை ஸ்கிரீன்ஷாட்.

அதனால் என் கணக்கில், ஃபாரம் வேகத்தில் முதலிடம், பேரத்தில் கடைசி இடம். ஆள் யாரென்றே தெரியாத பக்கம், வெளிநாட்டு வால்பேப்பர் தளம், படத்தை நூறோடு நூற்றொன்றாக அள்ளிப் போடும் மீம் பேஜ் என்றால் யோசிக்காமல் ஃபாரம்தான். ஆனால் மூன்று விஷயம் தெரிந்து போங்கள். உங்கள் பெயரும் மெயிலும் எதிராளிக்குப் போகலாம், அதனால் இதற்கென்று தனி மெயில் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. அவர் “படம் என்னுடையது” என்று எதிர்மனு போட்டால், டிஎம்சிஏ கணக்குப்படி 10 முதல் 14 வேலை நாளுக்குள் நீங்கள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் படம் திரும்ப வரும். நம் சட்டத்தின் 52(1)(சி) பிரிவிலும் அதற்கான விதிகளிலும் இதே மாதிரி ஒன்று உண்டு: எழுத்தில் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும், 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு வராவிட்டால் திறந்துவிடலாம். மூன்றாவது, கூகுள் தேடலில் நீக்கச் சொல்வது தேடலில் மட்டும்தான் நீக்கும். படம் அந்தத் தளத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும், தளத்துக்கு இடம் கொடுத்த ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதினால்தான் அது அசையும்.

வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிடுங்கள். அஸ்தம்பட்டியில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ் பேனருக்கும் ஃபாரம் கிடையாது.

அங்கேதான் போன் ஜெயிக்கிறது. இரண்டாவது தடவை, பகோடா பாயிண்ட்டில் நான் எடுத்த பனிமூட்டப் படம் சேலத்து டிராவல்ஸ் ஒன்றின் புக்கிங் பக்கத்தில் இருந்தது. இந்த முறை முதல் வேலையாக லிங்க், தேதி, முழுப் பக்கம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட், அந்தப் பக்கத்தை ஒரு ஆர்கைவ் தளத்தில் சேமிப்பு, கேமராவிலிருந்து வந்தபடியே இருக்கும் என் ரா ஃபைல் தனியாக. (கோர்ட் வரை போனால் இந்த மின்னணு ஆதாரத்துக்கு 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். காப்புரிமைக் குற்றத்துக்குத் தண்டனை சொல்வதும் காப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுதான், குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அப்புறம்தான் போன். முதலாளி வழக்கமான பதிலைச் சொன்னார்: “கூகுள்ல இருந்து டிசைனர் பையன் எடுத்துப் போட்டுட்டானுங்க.” நான் சத்தம் போடவில்லை. “பரவாயில்லீங்கண்ணா, படம் இருக்கட்டும், பேரைப் போட்டு வச்சுக்குங்க, பில்லு அனுப்பறேன்” என்றேன். என் வழக்கமான கட்டணம் 5,000, வந்தது 3,000, கூடவே பெயரும். அடுத்த மாதம் அவரே வண்டிகளைப் படம் எடுக்கக் கூப்பிட்டார். உள்ளூர் வியாபாரி, முகம் தெரிந்தவர், நாளைக்கு நம் ஊரிலேயே கடை நடத்தப் போகிறவர் என்றால் இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. மசியாதவர்களுக்கு மெசேஜில் ஒரு வரி சேர்ப்பேன்: உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவது காப்புரிமைச் சட்டத்தின் 65பி பிரிவில் தனிக் குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. பெயரை வெட்டியவர்கள் இதைப் படித்ததும் குரல் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

வக்கீல் நோட்டீஸ், எதிர்ப்பக்கம் பெரிய கம்பெனியாக இருந்து உங்கள் படத்தை விளம்பரத்துக்கே பயன்படுத்தியிருந்தால் அர்த்தமுள்ளது. இதில் நமக்கு ஒரு வசதி, 62-ஆம் பிரிவின்படி வழக்குப் போடுபவர் குடியிருக்கும் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், அவர்கள் மும்பையில் இருந்தாலும் சேலத்துக்கு வர வேண்டும். படத்தைப் பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். ஒரே ஒரு படத்துக்கு, பத்தாயிரம் இழப்பீட்டுக்கு இந்தக் குதிரையில் ஏறினால் கொள்ளுச் செலவே அதைத் தாண்டிவிடும். இன்னொன்று, ஆதாரமில்லாமல் சும்மா மிரட்டினால் 60-ஆம் பிரிவில் அவர்கள் உங்கள் மீதே வழக்குப் போட முடியும்.

போலீஸ்? ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். பிடிவாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வராத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. காகிதத்தில் பயங்கரமான ஆயுதம். ஒரு காப்பிப் பூ படத்துக்காக ஸ்டேஷன் படியேற எனக்கு மனசில்லை. ஆனால் உங்களையே எடுத்த அந்தரங்கப் படத்தை, அல்லது முகத்தை ஒட்டி மாற்றிய படத்தை ஒருவன் போட்டிருந்தால் மேலே சொன்ன பேரமெல்லாம் வேண்டாம், ஆதாரத்தைச் சேமித்த கையோடு சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் கொடுங்கள்.

பெயர் சொல்லிப் பொதுவில் திட்டிப் பதிவு போடுவதையும் ஒருமுறை செய்தேன். முந்நூறு லைக், காசு சைபர், அவதூறு வழக்கு என்று ஒரு மிரட்டல். கோபம் ஆறும், அதற்குமேல் ஒன்றுமில்லை. வாட்டர்மார்க்கும் அப்படித்தான், ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுகிறார்கள், நடுவில் போட்டால் படமே செத்துவிடுகிறது. அதற்குப் பதில் சின்ன சைஸில் ஏற்றிவிட்டு மாதம் ஒருமுறை கூகுள் லென்ஸ், டின்ஐ (TinEye) என்ற படம் தேடும் கருவிகளில் என் படங்களைத் தேடிப் பார்க்கிறேன்.

போன வாரத் தேடலில் மாட்டியது கிளியூர் அருவி. ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து கொட்டியபோது எடுத்தது, ஒரு விடுதி மே மாதச் சலுகைக்குப் போட்டிருக்கிறது. மே மாதத்தில் அங்கே போனால் பாறைதான் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று, பில்லும் தயார். ரிப்போர்ட் பட்டனை இன்னும் தொடவில்லை. சனி ஞாயிறு கூட்டம் இறங்கட்டும், திங்கட்கிழமை காலையில் போன் போடுகிறேன்.